ஒரு கட்டையில் மாமாவுக்கு ஒரு ட்ராக்

பாடுகிறவர் பையில் பென் டிரைவ் ஏறியதிலிருந்து எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஆள் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் மெல்லிசைக் குழு என்றால் ஒரு வேன் நிறைய வருவார்கள். கீபோர்டு இரண்டு, லீட் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், தபேலா, டோலக், புல்லாங்குழல், நாலைந்து பாடகர்கள், இடையில் மிமிக்ரி செய்ய ஒருவர். இப்போது பாட ஒருவர், பேடு வாசிக்க ஒருவர். மற்றதெல்லாம் ட்ராக்கில் வந்துவிடும். குரலைக் கழித்து இசையை மட்டும் வைத்த அந்தப் பதிவைச் சிலர் மைனஸ் ட்ராக் என்பார்கள், சிலர் கரோக்கி என்பார்கள்.

என் தாய்மாமா வேன் காலத்துப் பாடகர். வைகை அணைக்கு ஒரு பக்கம் ஆண்டிபட்டி, இன்னொரு பக்கம் பெரியகுளம், அங்கிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வரைக்கும் அவர் பாடாத ஊர் குறைவு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் அவர் வீட்டில் தங்கிப் பார்த்ததில்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அந்த வருஷம் சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. அடுத்த வருஷமும் நடக்கவில்லை. குழு கலைந்தது. கிதார் வாசித்தவர் திருப்பூருக்குப் போனார், டிரம்ஸ்காரர் செட்டை விற்றுவிட்டார். மாமா மட்டும் காலையில் ஸ்ருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். திருவிழாக்கள் திரும்பும்போது தன்னிடம் ட்ராக்காவது இருக்க வேண்டும் என்பது அவர் கவலை.

நான் அணைக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பொதுப்பணித் துறையில் அணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா ஒரு நாள் செல்போனோடு வந்து, இறக்கி வைத்திருந்த ட்ராக்குகளைப் போட்டுக் காட்டினார். பாடிப் பார்த்தார். மேல் ஸ்தாயியில் குரல் கட்டியது.

“பாட்டு நமக்குத் தெரியும் தாயி. சுருதி நம்மளுதா இருக்கணும்ல?” என்றார்.

கிடைக்கிற ட்ராக்குகள் எல்லாம் படத்தில் பாடியவர் எந்த ஸ்ருதியில் பாடினாரோ அந்த ஸ்ருதியிலேயே இருக்கும். இளவயதில் இரண்டு கட்டையில் பாடிய மாமா அறுபதைத் தாண்டியபின் ஒரு கட்டைக்கு இறங்கியிருந்தார். இரண்டு கட்டை என்றால் கீபோர்டில் டி, ஒரு கட்டை என்றால் சி. நடுவில் இரண்டு அரைச்சுரம். மென்பொருளில் போட்டு மொத்தப் பாட்டையும் இரண்டு அரைச்சுரம் இறக்கலாம்தான். வயலின்கள் ஓரளவு தாங்கும். தபேலாவும் டிரம்ஸும் தாங்காது. தோல் நனைந்ததுபோல் தொம்மென்று ஆகிவிடும். குரலை எடுக்கும் பழைய வழியும் எங்களுக்கு உதவவில்லை. ஸ்டீரியோ பதிவில் குரல் இடது வலது இரண்டிலும் சமமாக இருக்கும் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் மறையும். கூடவே நடுவில் இருக்கும் பேஸும் டிரம்ஸும் மறைந்துபோகும். மாமா பாடுகிற எழுபதுகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. அங்கே இரண்டு பக்கமும் ஒன்றேதான், கழித்தால் மிஞ்சுவது வெறும் அமைதி. 2019 நவம்பரில் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டபின் இயந்திரமே குரலைப் பிரித்துத் தரத் தொடங்கியது. ஆனாலும் குரலின் நிழல் எங்கோ ஒட்டியிருக்கும், மாமா பாடும்போது பின்னால் இன்னொருவர் முணுமுணுப்பார். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஆகவே முதலிலிருந்து நாமே செய்வோம் என்று முடிவெடுத்தேன். கீபோர்டில் வாசித்ததை ஒலியாக இல்லாமல் மிடியாகப் பதிந்தால், எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தத்தில் எத்தனை நேரம் தொட்டோம் என்ற குறிப்பு மட்டும் கணினியில் இருக்கும். ஸ்ருதியை மாற்றுவது அதில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. வாத்தியத்தின் நிறம் கெடாது. 1983இல் வந்த அந்த ஏற்பாடு இன்றைக்கும் அப்படியே உழைக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இலேயே ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினியைக் கொண்டு இசை அமைத்திருந்தார். அது வந்தபோது குழுவே அந்த ஒலிகளை எப்படி வாசிப்பது என்று கூடிப் பேசியதை மாமா சொல்வார்.

வீட்டிலிருந்த கணினி, தம்பி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் அரசு கொடுத்த மடிக்கணினி. 2 ஜிபி நினைவகம், 32 பிட் விண்டோஸ், பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ். எந்த மென்பொருளை எடுப்பது என்பதைப் பாதிக்கு மேல் அந்தக் கணினியே தீர்மானித்தது. எல்லோரும் புகழும் கேரேஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். கேக்வாக் ஒருகாலத்தில் பெரிய விலை. 2018இல் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி இலவசமாக்கியிருந்தது. ஆனால் அதற்கு 64 பிட் விண்டோஸ் வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோவில் தாளம் அமைப்பது எளிது, சின்னப் பையன்கள்கூட அதில் புகுந்து விளையாடுகிறார்கள். அதன் முன்னோட்டப் பதிப்பில் சேமித்த வேலையை மறுபடி திறக்க வேண்டுமானால் பணம் கட்டியாக வேண்டும். ஆடாசிட்டி இலவசம். 2000த்தில் வெளிவந்த நாளிலிருந்து லட்சக்கணக்கானவர்களுக்குப் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்த நல்ல மென்பொருள். குரலைப் பதியவும் வெட்டவும் ஒட்டவும் அதைவிட எளிதான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் கீபோர்டின் மிடியை அதில் பதிய முடியாது. எங்கள் தேவையின் நடுநாயகமே மிடிதான்.

கடைசியில் ரீப்பரில் நின்றேன். ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளிலும் பாட்டுக் கேட்க இருந்த வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் நிறுவனம் செய்வது. இறக்கும் கோப்பு மிகச் சிறியது, செல்போன் டேட்டாவில் சில நிமிஷங்களில் வந்துவிட்டது. பழைய 32 பிட் கணினியிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 4,500 ரூபாய். மாமா ஒரு கச்சேரிக்கு வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை இல்லை. வாங்கினோம். உழைப்பில் வாழ்கிற கலைஞர் குடும்பம் இன்னொருவர் உழைப்பைத் திருட்டுப் பதிப்பில் எடுக்கக் கூடாது என்பதில் மாமா உறுதியாக இருந்தார்.

ரீப்பரோடு வாத்தியங்கள் வராது. திறந்தால் சாம்பல் நிறத்தில் வெற்றுத் திரை. வாத்தியங்களை நாம்தான் கொண்டுவர வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளூயிட் ஆர்3 என்ற சவுண்ட்ஃபாண்டை ஏற்றினேன். 1991இல் வகுத்த பொது மிடி வரிசைப்படி 128 வாத்தியங்கள் அதில் உண்டு. பியானோ, கிதார், குழல், வயலின் கூட்டம் எல்லாம் இருந்தன. வயலின் கூட்டத்தோடு கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. வில் எழும்பி நாதம் நிறைய ஒரு கணம் பிடிப்பதால் தாளத்தில் சரியாக வாசித்தாலும் பின்தங்கியே கேட்கும். அந்தத் தடத்தை மட்டும் எண்பது மில்லி வினாடி முன்னால் நகர்த்தியதும் பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

கட்டையை அழுத்துவதற்கும் காதில் ஒலி விழுவதற்கும் நடுவே இருக்கும் தாமதம் இன்னொரு பாடம். ஒரு வினாடி ஒலியை 44,100 சாம்பிள்களாக நறுக்கிக் கணினி கையாள்கிறது. ஒரே தடவையில் 1,024 சாம்பிள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு அனுப்பினால் 23 மில்லி வினாடி தாமதம். காற்றில் ஒலி அந்த நேரத்தில் எட்டு மீட்டர் போய்விடும், மேடையின் ஒரு மூலையில் நின்று மறுமூலை டிரம்ஸைக் கேட்டுப் பாடுகிற தூரம் அது. 256 ஆகக் குறைத்தால் ஆறு மில்லி வினாடிக்குள் அடங்கும், ஆனால் கணினி மூச்சுத் திணறிப் படபடவென்று வெடிக்கும். விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையை விட்டு, ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த ஏஎஸ்ஐஓ பாதைக்கு மாறினேன். ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச நிரல் அதற்கு உதவியது. பதியும்போது 256, கலக்கும்போது 1,024 என்று வைத்துக்கொண்டேன். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது, கம்பி உள்ளதுதான் வேண்டும்.

வீட்டில் ஒலி பதிய ஓர் அறை தயாரானது. சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியைத் தடுக்க, போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுவரோரம் நிறுத்தினோம். இலவம்பஞ்சு எதிரொலியை நன்றாக உறிஞ்சும். மின்விசிறியை நிறுத்தி, மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பதிந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உம்மென்ற இரைச்சல் வராது. அணை நிரம்புகிற மாதங்களில் இன்னொரு ஒலி உண்டு. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழு நீர்மட்டம் 71 அடி. கரையோர ஐந்து மாவட்டத்துக்காரர்களுக்கும் அது முக்கியமான சங்கு. சங்கு ஊதினால் பதிவை நிறுத்திவிட்டு எல்லோரும் மதகைப் பார்க்கப் போவோம்.

இவ்வளவும் ஏற்பாடுதான். கற்றுக்கொள்ள வேண்டிய உண்மையான விஷயம் மாமா முதல் ட்ராக்கோடு பாடியபோது முன்னால் வந்து நின்றது. எல்லா மென்பொருளும் முதலில் வேகத்தைக் கேட்கின்றன. நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்தக் கட்டத்துக்குள் பாட்டு முழுக்க ஓடும். நான் 96 கொடுத்து, சிரத்தையாக எல்லா வாத்தியத்தையும் கட்டியிருந்தேன். பல்லவி அழகாக வந்தது. சரணத்தின் முடிவில் மாமா ஒரு சங்கதியைப் போட்டு, மூச்சு எடுத்து, பல்லவிக்குத் திரும்புவார். ட்ராக் அவருக்காக நிற்கவில்லை. அவர் மூச்சை முழுங்கிவிட்டு ஓடினார்.

அன்றைக்கு மாமா ஆர்மோனியத்தைப் பற்றிப் பேசினார். பாவலர் வரதராஜனும் தம்பிகளும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கை ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் அவர்கள் பாட்டைத் தாத்தா கேட்டிருந்தார். ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், அவ்வளவுதான் பக்கவாத்தியம். பாடுகிறவர் வார்த்தையை அழுத்தினால் ஆர்மோனியம் அங்கே நிற்கும், கூட்டம் கைதட்டினால் இன்னொரு சுற்றுச் சுற்றிக் காத்திருக்கும். “பெட்டி வாசிக்கிறவன் கண்ணு பாடுறவன் வாயிலயே இருக்கும் தாயி. உன் மிஷினுக்கு அந்தக் கண்ணு வேணும்,” என்றார்.

அதன்பிறகு வேலையின் வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் தம்புரா ஸ்ருதியை மட்டும் போட்டு மாமாவைப் பாடவைத்துப் பதிந்தேன். தாளக் கட்டம் இல்லை, டிக் டிக் இல்லை. சினிமாவில் ட்ராக் பாடுவது என்று ஒரு வழக்கம் உண்டே, பின்னால் வேறொருவர் குரல் வருவதற்கு முன் ஒருவர் பாடி வைப்பது, கிட்டத்தட்ட அப்படி. பிறகு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளச் சுற்றும் எங்கே தொடங்குகிறது என்று ரீப்பரில் ஒரு வேகக் குறி வைத்துக்கொண்டே போனேன். பல்லவியில் 96, அனுபல்லவியில் 97, சரணத்தில் 94, சங்கதி முடியும் இடத்தில் 88, மறுபடி 96. மென்பொருளின் கட்டங்கள் மாமாவின் மூச்சுக்குத் தகுந்தபடி அகன்றும் சுருங்கியும் நின்றன. அதன்மேல் வாத்தியங்களை வாசித்தேன். பொறுமை வேண்டிய வேலை, ஒரு பாட்டுக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும். ஆனால் மாமா அதோடு பாடியபோது ட்ராக் அவர் மூச்செடுக்க நின்று, அவரோடு எழுந்தது. எனக்கு இந்தக் கருவியின் மேல் மரியாதை வந்தது அப்போதுதான். இன்று கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: எந்த மென்பொருள் என்று கேட்பதற்குமுன் யார் பாடப்போகிறார், எந்தக் கட்டையில், எங்கே மூச்செடுப்பார் என்று கேளுங்கள்.

சினிமாப் பாட்டுக்குப் பின் அத்தை தன் பாட்டைக் கொண்டுவந்தார். முளைப்பாரி தூக்கும் நாட்களில் பெண்கள் வட்டமாக நின்று தட்டுகிற கும்மி. அதற்கு உறுமியும் பம்பையும் சேர்த்து மேடையில் பாட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. 128 வாத்தியங்களிலும் உறுமி இல்லை. இணையத்தில் கிடைத்த இந்தியத் தாளத் துணுக்குகளில் தபேலாவும் டோலக்கும்தான் நிறைய. எங்கள் பக்கத்து நையாண்டி மேளத்தின் நடை, மேடைக்காரர்கள் சிக்ஸ் எய்ட் என்கிற அந்த ஆறு எண்ணிக்கை நடை, எதிலும் சரியாக உட்காரவில்லை. ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்த நையாண்டி மேளக் கலைஞர்களை மாமா அழைத்துவந்தார். கொஞ்சமென்றாலும் சம்பளம் பேசித்தான் அழைத்தார்.

தவிலையும் பம்பையையும் தனித்தனி அடியாகப் பதிந்தோம். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு அடியையும் மெதுவாகவும் அழுத்தியும் பல விதமாக வாசிக்கச் சொல்லி, ரீப்பரின் சாம்ப்ளரில் ஏற்றிக் கீபோர்டின் கட்டைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். உறுமி அதற்கு இணங்கவில்லை. அதன் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் முனகலுக்குத் தொடக்கமும் முடிவும் அடியைப் போல் வெட்டாக இருக்காது. வேகம் கூடினால் தேய்ப்பின் நீளம் குறையும், கையின் அழுத்தம் கூடும், நாதமே வேறாகும். பதிந்ததை மென்பொருளில் இழுத்து நீட்டினால் கரகரக்கிறது. முழுப் பாட்டுக்கும் உறுமிக்காரரே வாசிக்க வேண்டியதுதான் என்றாயிற்று. ஹெட்போனில் தாளத் தட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

“இந்த டிக் டிக்குக்குக் கை வராது தாயி. அக்கா பாட்டைப் போடு, நான் பிடிச்சுக்கிறேன்.”

அத்தையின் குரலை மட்டும் அவர் காதில் விட்டேன். கும்மி போகப்போக வேகம் ஏறும், தொடங்கும்போது இருந்ததைவிட முடியும்போது கால் பங்காவது கூடியிருக்கும். அவர் அந்த ஏற்றத்தோடு ஒட்டிக்கொண்டே போனார். அவர் வாசித்து முடித்தபின் நான் தொட்டதெல்லாம் ஒலியளவு மட்டும்தான். கும்மித் தட்டுக்கு அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் முற்றத்தில் நின்று கை தட்டினார்கள். மெத்தை அறைக்குள் தட்டியது உயிரில்லாமல் இருந்தது, வெட்டவெளியில் தட்டியதை வைத்துக்கொண்டோம். பின்னால் தூரத்தில் ஒரு காக்கை கேட்கும். அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

ட்ராக்கைக் கலந்து முடிப்பதில் ஹெட்போனை நம்பக் கூடாது. கிராமத்தில் ரேடியோ செட்டுக்காரர் கட்டும் குழாய் ஒலிபெருக்கி அடிநாதத்தைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். ஹெட்போனில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் கிதார் அங்கே காணாமல் போகும். பேஸின் மேல்சுரங்களைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் குழாயிலும் அதன் நடை கேட்கும். குரலின் தெளிவு இருக்கும் ஆயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் வயலின்களைச் சற்றுத் தணித்துவிட வேண்டும், அந்த இடம் மாமாவுடையது. ஊர் மேடையில் இடது வலது பிரிப்பதற்கு அர்த்தமில்லை, இரண்டும் ஒரே ஒலியாகத்தான் போகும். அதனால் வலது பக்கத்தில் இசை முழுவதையும், இடது பக்கத்தில் எண்ணிக்கைத் தட்டை மட்டும் வைத்தேன். வலது பக்கம் ஒலிபெருக்கிக்கும் இடது பக்கம் பேடு வாசிப்பவரின் காதுக்கும் போகும். வேகம் மாறும் இடங்களில் அவர் தடுமாறாமல் இருக்க இது போதும்.

2022இல் திருவிழாக்கள் திரும்பின. வீரபாண்டியில் இரண்டு வருஷத்துக்குப் பின் கூட்டம் கூடியது. எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில்களிலும் மேடை போட்டார்கள். மாமா பென் டிரைவோடு புறப்படத் தயாரானபோது உறுமிக்காரரிடமிருந்து போன் வந்தது. தானும் வருவதாகவும், ட்ராக்கில் இருக்கும் தன் உறுமியை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நேரில் நிற்கும்போது பதிவில் இருப்பது எதற்கு என்று கேட்டார். ரீப்பரில் அந்தத் தடத்தின் எம் பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி ஒரு கோப்பு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த திருவிழாவுக்குத் தவில்காரரும் சேர்ந்துகொண்டார், தவில் தடமும் அமுங்கியது. பெரியகுளத்துப் புல்லாங்குழல்காரர் ஒருவர் கிடைத்தபின் குழலும் போயிற்று. இப்போது கும்மிப் பாட்டின் ட்ராக்கில் மிஞ்சியிருப்பது வயலின் கூட்டமும் பேஸ் கிதாரும் முற்றத்துக் கைத்தட்டும். வயலினுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் மாமா. போன மாதம் வந்தவர், சினிமாப் பாட்டுகள் எல்லாவற்றையும் அரைக் கட்டை இறக்கித் தரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிடித் தடங்களில் ஒரு எண் மாற்றினால் போதும். ஸ்ருதி இறங்கினால் அவர் மூச்செடுக்கும் இடங்களும் மாறும் என்பதால், குரலை முதலிலிருந்து மறுபடி பதிந்துகொண்டிருக்கிறோம்.